ஐந்து சென்ரிமீற்றர்

மிஸ்ஸி, உங்கள் சுவரை நேற்று அழித்துவிட்டார்கள்.

அழிப்பதற்கு முன்னால் ஒருவர் அதை அளந்து பார்த்தார். சுகாதாரப் பகுதிக்குப் புதிதாக ஒரு பரிசோதகர் வந்திருக்கிறார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை, வேலையில் குறை சொல்ல முடியாது. பூட்டிக் கிடந்த உங்கள் அறையைத் திறந்து வெள்ளையடித்து, திரும்பவும் பிள்ளைகளை நிறுத்து அளக்கிற இடமாக ஆக்கப்போகிறோம் என்று சொன்னதும் அவரே நேரில் வந்தார். சுவரில் நீங்கள் கறுப்புத் தீந்தையால் கீறிய உயரக் கோடுகளைப் பார்த்தார். பையிலிருந்து உருக்கு நாடாவை எடுத்து நிலத்திலிருந்து மேலே பிடித்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் பிடித்தார். 

"சேர், இது அஞ்சு சென்ரிமீற்றர் பிழை. ஆர் கீறினது? நிலத்தில இருந்து அளக்கத் தெரியாத ஆள் போல," என்று சிரித்தார். வெள்ளையடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மிஸ்ஸி. வாய் தானாகவே சிரித்தது. இந்த வாய்க்கு அது பழக்கம்.

இரண்டு பூச்சுப் பூசினார்கள். முதல் பூச்சுக்குக் கீழே உங்கள் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. இரண்டாவது பூச்சு காய்வதற்குள் நான் பள்ளிக்கூட அதிபர் அறைக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறை இப்போது என்னுடையது. அதிபராகி இரண்டு வருஷம் ஆகிறது. இது உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்திருந்தால் "நல்லம் சேர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

சுனாமியாய்க் கடல் வந்துபோன அடுத்த மாதம் நீங்கள் இங்கே வந்தீர்கள். அப்போது இது பாதி முகாம், பாதி பள்ளிக்கூடம். மேல்வகுப்புக் கட்டடத்தில் வீடிழந்த குடும்பங்கள் இருந்தன. முற்றத்தில் போட்ட தகரக் கொட்டிலில் நான் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு நிவாரண நிறுவனம் முகாமோடு ஒட்டிய பள்ளிக்கூடங்களுக்கு ஆறு மாதத்துக்குத் தாதிமாரை, எங்கள் பேச்சில் மிஸ்ஸிமாரை, போட்டது. உங்கள் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில். காலையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையில், நாங்கள் பாதை என்று சொல்கிற அதில் ஏறி, இந்தக் கரையில் இறங்கி, மிச்சத் தூரத்தைச் சைக்கிளில் மிதித்து வருவீர்கள். பின்னால் ஒரு தகரப் பெட்டி கட்டியிருக்கும்.

ஆறு மாதம் முடிந்து நிறுவனம் போயிற்று. நீங்கள் போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களின் ஆளணியில் தாதி என்று ஒரு பதவியே கிடையாது. எப்போதாவது ஒரு வைத்தியர் வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நாக்கைப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஆகவே உங்களைத் தொண்டர் என்று ஒரு கடிதத்தில் போட்டு வைத்தார்கள். வேலை உண்டு, ஆள் இல்லை, அதற்குப் பெயர்தான் தொண்டர் என்று ஓய்வறையில் நான் பகிடி விட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பகிடி பிற்காலத்தில் எவ்வளவு வசதியாக இருக்கப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆளணியில் இல்லாத ஒருவரை நீக்குவதற்கு ஒரு கடிதம்கூடத் தேவைப்படவில்லை.

முதலில் எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்லை. பாடம் நடக்கும் நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு நகம் பார்ப்பதும் தலை பார்ப்பதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒருவனைக் கன்னத்தில் அறைந்தேன். மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காதவன். இடைவேளையில் நீங்கள் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓய்வறை வாசலுக்கு வந்தீர்கள். எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள்.

"சேர், ஒள்ளம் இஞ்ச வாங்க. இந்தக் காதுக்குள்ள பாருங்க."

பார்த்தேன். உள்ளே சீழ் கட்டியிருந்தது. கடல் தண்ணீர் புகுந்து மாதக்கணக்காக ஊறிக்கிடந்த காது.

"நீங்க கூப்பிட்டது இவனுக்குக் கேக்கல்ல. மற்றக் காதும் பாதிதான். இனி முன் வாங்கில இருத்துங்க. அடிக்கிறதெண்டா என்னட்ட ஒருக்கா அனுப்பிப்போட்டு அடிங்க."

அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே உங்கள் அறைக்கு வந்தேன். கழிப்பறைக்குப் பக்கத்தில், முன்பு பந்துகளும் கயிறுகளும் போட்டு வைத்த அறை. அன்றிலிருந்து நான் உங்கள் கிளாக்கர் ஆனேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் பிள்ளையைத் தராசில் ஏற்றி, பிறகு சுவரோடு நிறுத்தி, எண்ணைச் சொல்வீர்கள். நான் பதிவேட்டில் எழுதுவேன்.

எண்கள் விஷயத்தில் நீங்கள் பொல்லாத ஆள். ஒருமுறை இருபத்தேழரைக் கிலோவை நான் இருபத்தெட்டு என்று எழுதிவிட்டேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் பேனையைப் பறித்து அதை வெட்டினீர்கள். "அரைக் கிலோவக் கூட்டிக் குடுக்க நீங்க ஆர் சேர்? அந்த அரைக் கிலோதான் இவள் ராவைக்குச் சாப்பிடாதது," என்றீர்கள். நான் படிப்பித்த கணக்கை என்னைவிட நீங்கள் மதித்தீர்கள்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதை நாங்கள் வெயில் என்று நினைத்திருந்தோம். யார் யார் விழுகிறார்கள் என்று நீங்கள் ஒரு மாதம் குறித்துப் பார்த்தீர்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பு மூட்டாத பிள்ளைகள். அதிபரோடு சண்டை பிடித்துக் கூட்டத்தைச் சுருக்கினீர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்துக்கு முன்னால் கஞ்சி கொடுக்க வைத்தீர்கள். பெரியபிள்ளையான மாணவிகள் மாதத்தில் மூன்று நாள் வராமல் நிற்பதைக் கண்டுபிடித்து, பழைய பருத்திச் சேலைகளை வெட்டிக் கொதிக்கவைத்துக் காயப்போட்டு அடுக்கி வைத்தீர்கள். நாங்கள் ஆண் வாத்திமார் அதைக் காணாததுபோல நடந்துபோனோம். கடல் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சின்ன வகுப்பில் சிலர் காற்சட்டையை நனைப்பார்கள். மாற்றுக் காற்சட்டைகள் உங்கள் பெட்டியில் எப்போதும் இருக்கும். அது யார் வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் ஒருநாளும் ஓய்வறையில் சொன்னதில்லை.

கடல் திரும்பிப் போயிற்று. ஆயுதத்தோடு திரிந்தவர்கள் போகவில்லை. யார் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதமாட்டேன். அப்போது எங்களுக்கே அது மாதத்துக்கு மாதம் மாறித்தான் தெரிந்தது. வான் வண்டியில் வருவார்கள், சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்பார்கள். பதினாலு வயதுதான் என்று தாய்மார் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் சிரிப்பார்கள். கடலோடு போன சான்றிதழுக்குப் பதிலாக எடுத்த பிரதிகளை அவர்கள் நம்பவில்லை. 

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்ததை நீங்கள்தான் பாதையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னீர்கள். அங்கே சுகாதாரப் பதிவேட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். எந்தெந்த வகுப்பில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டு, அவர்களைக் கூப்பிட்டுச் சுவரோடு நிறுத்தியிருக்கிறார்கள். நூற்றைம்பது சென்ரிமீற்றருக்கு மேல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு நம்முடைய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

"நாமளும் இதத்தானே சேர் எழுதி வச்சிரிக்கம். ஆர் நல்லா வளந்திரிக்கி, ஆருக்கு நோய் நொடி இல்ல எண்டு, பேரோட."

எரித்துவிடுவோம் என்றேன்.

"எரிச்சா, எங்க எண்டு கேப்பாங்க. அது இரிக்க வேணும் சேர். பிழையா இரிக்க வேணும்."

அந்தச் சனிக்கிழமை நீங்கள் சுவரைக் கீறினீர்கள். பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டுப் புதிய கோடுகளை உயர்த்திப் போட்டீர்கள். நூற்றைம்பத்தைந்து உயரமுள்ள பிள்ளை நின்றால் நூற்றைம்பது என்று காட்டும். தீந்தைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். முதலில் நீங்கள் பத்துக் குறைப்போம் என்றுதான் சொன்னீர்கள். நான் மறித்தேன். பத்து என்றால் வெறுங்கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள், ஐந்து என்றால் யாருக்கும் தெரியாது என்றேன். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டீர்கள். தராசின் ஊசியையும் மூன்று கிலோ பின்னால் திருகினீர்கள். பிறகு புதிய கொப்பியில் பதிவேடு முழுவதையும் திருப்பி எழுதினோம். நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன். அரைக் கிலோவுக்குச் சண்டை பிடித்த மனுஷி, ஒவ்வொரு பொய் எண்ணுக்கும் முன்னால் கொஞ்சம் நின்று நின்றுதான் சொன்னீர்கள். எனக்கு உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் அப்போது தர்சினி இருந்தாள். வலைப்பந்து அணியின் தலைவி. பதினாலு வயதில் நூற்றைம்பத்துநாலு. வகுப்பில் எல்லாரும் நெட்டைச்சி என்பார்கள். அவளுக்கு அது பெருமை. வலயப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீங்கள் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, இனி ஓடக்கூடாது, விளையாடக்கூடாது என்று சொன்னீர்கள். அணியிலிருந்து பெயரை வெட்டினீர்கள். பதிவேட்டில் "நெஞ்சு வருத்தம்" என்று என்னை எழுதச் சொன்னீர்கள். அவள் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. தாய் மறுநாள் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று உங்களை மண்ணள்ளித் தூற்றினாள். "என்ட பிள்ளைய நோயாளி எண்டு ஊருக்குச் சொல்லிப் போட்டியே, நாளைக்கு ஆர் அவளக் கட்டுவான்?" என்று கேட்டாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். தாய்க்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"ஒரு ஆளுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி சேர். அவள் என்ன ஏசட்டும். பிள்ளைய வீட்டில வச்சிரிந்து ஏசட்டும்."

இரண்டு கிழமை கழித்து அவர்கள் வந்தார்கள். பத்து மணி இருக்கும். ஐந்து பேர். அதிபர் அவர்களை உங்கள் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தார், வேறு என்ன செய்வார் பாவம். பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரோடு நிறுத்தினார்கள். நான் கதவோரம் நின்றேன். தர்சினியின் முறை வந்தபோது, அவர்களில் மீசை அரும்பிய ஒருவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நேரா நில்லு. குனியாத."

அவள் நேராக நின்றாள். நூற்றைம்பதுக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

"இவளுக்கு நெஞ்சு வருத்தம். ஒரு படி ஏறினா மூச்சு வாங்கும். கொப்பியில பாருங்க தம்பி," என்றீர்கள். மிகச் சாதாரணமாகச் சொன்னீர்கள். அவன் கொப்பியைப் பார்த்தான், என் அழகான கையெழுத்தைப் படித்தான், அவளைப் போகச் சொன்னான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருவரையும் எடுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் போனார்கள். ஒருவன் நூற்றைம்பத்திரண்டு, மற்றவன் நூற்றைம்பத்துமூன்று, அந்தச் சுவர்க் கணக்கில். வான் போன பிறகு நீங்கள் மூலையிலிருந்த கதிரையில் உட்கார்ந்தீர்கள். பத்துக் குறைத்திருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் கணக்கு வாத்தியார், எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நீங்கள் சொன்னது ஒன்றுதான். "ரெண்டு வீட்டுக்கும் நான் போறன் சேர். நீங்க வகுப்புக்குப் போங்க." அதில் ஒரு பிள்ளை ஒரு வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை.

அந்தப் பதிவேட்டுக்கு நாங்கள் நினைக்காத இன்னொரு வேலையும் இருந்தது. கடதாசியில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் குட்டையாகவும் மெலிந்தும் இருந்தார்கள். அதைப் பார்த்த ஏதோ ஒரு திட்டத்தில் எங்களுக்குச் சத்துமா கூடுதலாக ஒதுக்கினார்கள். பொதி பொதியாக வந்து இறங்கியது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையில் மெலிந்த பிள்ளைகளுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தீர்கள். மிச்சத்தை முகாமில் பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கொடுத்தீர்கள். ஒரு பொதிகூட வாவியைக் கடந்து உங்கள் வீட்டுக்குப் போனதில்லை. தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் போலச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான்தான் பின்னேரங்களில் உங்கள் சைக்கிளில் கட்டிவிடுவேன்.

யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். கைநீட்டி வாங்காதவனைப் பார்த்து வைப்பார்கள் என்ற பயத்தில் நானும் வாங்கித் தின்றேன். நீங்கள் அந்த வாரம் சுவரைச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் பொறுப்போம், நிலைமை எப்படிப் போகிறதென்று பார்ப்போம் என்றேன். அதுவும் நான்தான்.

பொறுத்தோம். இரண்டு மாதத்தில் ஒரு குழு தன்னுடைய தராசையும் அளவுகோலையும் கொண்டுவந்து பிள்ளைகளை நிறுத்து அளந்தது. பதிவேட்டில் உள்ளதற்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தவில்லை. யாரும் சுவரை அளக்கவில்லை. கொப்பியே போதுமாக இருந்தது. மாவுக்காகப் பொய் நிறை எழுதியிருக்கிறார்கள், மாவை விற்றிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிபர் நெஞ்சுவலி என்று லீவு போட்டுவிட்டார். நீங்களும் நானும் போனோம்.

அந்த அறை உங்களுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். யன்னலோரம், பொதுமக்கள் சார்பில் என்று ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். மீசை நன்றாக வளர்ந்திருந்தது. தர்சினியை நேராக நிற்கச் சொன்னவன். அவனைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படி மாறியது என்று நான் கண்டேன். உண்மையைச் சொல்வதென்றால் அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஆட்கள் காணாமல் போவது அப்போதும் முழுதாக நின்றிருக்கவில்லை. 

"இந்தக் கையெழுத்து உங்கட தானே?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"ஓம்."

"இந்த எண்கள் பிழை. என்ன சொல்றீங்க?"

வரும் வழியெல்லாம் வேறு ஒன்றைத்தான் யோசித்து வைத்திருந்தேன். "அவ சொன்னத்த நான் எழுதினன்," என்றேன்.

சேர் சொல்வது சரியா என்று உங்களைக் கேட்டார்கள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பயந்துபோயிருக்கிறேன் என்று பார்த்தவுடனே உங்களுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தீர்கள்.

"சரிதான். நான் சொன்னத்தத்தான் எழுதினவர். சேருக்கு ஒண்டும் தெரியாது."

அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான் மிஸ்ஸி. எனக்காக நீங்கள் சொன்னது.

அன்றைக்கு எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவி மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். இதைச் சாட்டு என்று தெரிந்தே எழுதுகிறேன். அடுத்த தேர்தலுக்குப் பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரனை யாரும் கணக்கெடுக்கவில்லை, ஊரைவிட்டே போய்விட்டான். அப்போது சொல்லியிருக்கலாம். பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்கம் போவதற்குள் அதிபர் பரீட்சை வந்தது. இப்படித்தான் ஒரு மனிதன் பதினைந்து வருஷத்தைக் கடத்துகிறான்.

மறுநாளிலிருந்து உங்களை வரவேண்டாம் என்றார்கள். மாவைத் திருடியவள் என்று, ஊர் உங்களுக்கு மாக்கள்ளி என்று பேர் வைத்தது. உங்கள் கஞ்சியைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளே அப்படிச் சொன்னார்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருமுறை தூரத்தில் உங்களைக் கண்டேன். வளையல் கடைப் படங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்களும் கண்டிருப்பீர்கள் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் வந்த வழியே திரும்பிப் போனீர்கள். உங்கள் செத்த வீட்டுக்கு வந்தேன். பந்தலில் போட்ட கதிரைகளில் பாதி வெறுமை. உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்தால வந்தது நீங்க ஒருத்தர்தான் சேர். அக்கா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவா," என்று அழுதார். அங்கேயும் சொல்லவில்லை. அவருடைய கையை விடுவித்துக்கொண்டு அடுத்த பாதையில் இந்தக் கரைக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை தர்சினி என் அறைக்கு வந்தாள். இப்போது அவளுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். தாயைப் போலவே நெட்டை. வலைப்பந்து அணியில் சேர்க்க, பிள்ளை நல்ல சுகம் என்று அதிபர் கையொப்பமிட வேண்டிய படிவத்தை நீட்டினாள்.

"என்ட பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல சேர். எனக்குச் செஞ்ச மாதிரி இவளுக்கும் செஞ்சி போடாதீங்க," என்றாள். பிறகு, பல வருஷம் மனதில் வைத்திருந்ததைக் கொட்டினாள். "இவள் வயித்தில இரிக்கக்குள்ள ஆசுபத்திரியில டொக்டர் பார்த்துப்போட்டு உங்கட நெஞ்சில ஒண்டும் இல்ல, ஆர் சொன்ன எண்டு கேட்டார். அந்த மாக்கள்ளி என்னத்துக்கு சேர் எனக்குப் பொய் சொன்னவ? ரெண்டு சம்மந்தம் அதால குழம்பிச்சி. நான் மனிசியா இல்லயா அவக்கு?"

நேற்றுச் சிரித்த சிரிப்பு எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. அவளை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமையையும் தீந்தையையும் சொன்னேன். யன்னலோரம் இருந்தவனைச் சொன்னேன். நான் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வெளியே மைதானத்தில் மகள் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா சேர்?"

"தெரியும்."

"எல்லாம்?"

"ஓம்."

"அவ செத்துப் போனா எண்டு கேள்விப்பட்டு நான் என்ன சொன்னனான் தெரியுமா?" என்றாள். என்ன என்று அவள் சொல்லவில்லை. உங்கள் வீடு மண்டூரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். தம்பி ஒருவர் இருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம் சேர்," என்று எழுந்தாள். "நீங்க வராதீங்க. நான் போய்ச் சொல்றன்."

கோபமாகச் சொல்லவில்லை. தன் பழைய வாத்தியாருக்குச் சொல்லும் மரியாதையோடுதான் சொன்னாள். ஞாயிறு காலை அவள் பாதையில் ஏறி வாவியைக் கடந்து உங்கள் வாசலில் போய் நிற்பாள். பதினைந்து வருஷம் முன்னால் நான் சொல்லியிருந்தால், உங்கள் தம்பியிடம் சொல்லப்போவதை உங்களிடமே சொல்லியிருப்பாள், நீங்களும் கேட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். இனி உங்கள் பெயரை அவள் சுமப்பாள். எனக்கு மிஞ்சியிருப்பது "அவ சொன்னத்த நான் எழுதினன்" என்ற அந்த ஒரு வரிதான் மிஸ்ஸி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதை இறக்கி வைக்க எனக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.